குதிரையோடு விழுகிறவர்கள்

வணக்கம் நேயர்களே.

பழைய ஹாலிவுட் கௌபாய் படங்களில், குண்டடி பட்டவன் குதிரையோடு சேர்ந்து புழுதியில் உருளுவதைப் பார்த்திருப்பீர்கள். திரையில் அது இரண்டு மூன்று விநாடிதான். ஆனால் குதிரை விழப்போகிற அந்தத் துண்டு நிலத்தில் முன்கூட்டியே வேலை நடந்திருக்கும். கட்டாந்தரையைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, கல்லைப் பொறுக்கி, மணலைக் கலந்து, சுற்றுப்புறத்து நிறத்திலேயே மேல்மண்ணைத் தூவிவிடுவார்கள். கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது, குதிரைக்குத் தெரியும். ஒருமுறை கெட்டித்தரையில் அடிபட்ட குதிரை, அடுத்த முறை கடிவாளத்தை இழுத்தாலும் விழத் தயங்கும்.

விழப் பழக்கிய குதிரைக்குக் கடிவாள வார்தான் சைகை. வாரை ஒரு பக்கமாக இழுத்ததும் கழுத்து வளையும், தோள் முதலில் தரையைத் தொடும், பிறகு உடம்பு சாயும். சவாரி செய்பவர் அதற்கு ஒரு நொடி முன்பே இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து, அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையத்திலிருந்து, உருவியிருக்க வேண்டும். தாமதித்தால் கால் குதிரைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அதைவிட மோசம், கால் அங்கவடியிலேயே சிக்கி, எழுந்து ஓடுகிற குதிரை ஆளையும் இழுத்துப் போவது. அதனால்தான் ஸ்டண்டுக்கென்று ஒரு பக்கம் திறந்த அங்கவடி வந்தது. சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பும் ரப்பராக மாறியது. இரும்புக் கொம்பு வயிற்றில் குத்தினால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

இந்தப் பழக்கம் பரவும் முன் நடந்ததை நினைத்தால் மனசு பதறுகிறது. ‘ரன்னிங் டபிள்யூ’ என்று ஒரு முறை இருந்தது. குதிரையின் முன்னங்கால்களில் பட்டை கட்டி, அதிலிருந்து கம்பியை வயிற்றுவாரில் உள்ள வளையம் வழியாக ஓடவிட்டு, மறுமுனையை மண்ணில் புதைத்த கட்டையில் பிணைப்பார்கள். பாய்ந்து ஓடும் குதிரை கம்பி தீர்ந்ததும் முன்னங்கால் மடங்கிக் குட்டிக்கரணம் அடிக்கும். பல குதிரைகளுக்குக் கால் முறிந்தது, சில அங்கேயே செத்தன. 1939-ல் வந்த ஒரு படத்துக்காகக் குதிரையை மேட்டிலிருந்து தண்ணீரில் தள்ளியதில் அது இறந்துபோனது. எழுந்த கண்டனத்தால்தான் 1940-ல் அமெரிக்க விலங்கு நலச் சங்கம் ஹாலிவுட்டில் அலுவலகம் திறந்து படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது.

யாகிமா கனட் என்ற ஹாலிவுட் ஸ்டண்ட் கலைஞரும் அந்தக் கம்பி முறையைக் கையாண்டவர்தான். முரட்டுக் குதிரைகளை அடக்கிச் சவாரி செய்யும் ரோடியோ போட்டி மைதானத்திலிருந்து வந்த அவருடைய வேலையில் கணக்கு இருந்தது. 1939-ல் வந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில், ஆறு குதிரை பூட்டிய வண்டியின் முதல் ஜோடிமேல் தாவுகிறார், சுடப்படுகிறார், ஜோடிக்கு நடுவே விழுந்து, குதிரைகளை வண்டியோடு இணைக்கும் மரத்தண்டைப் பிடித்துத் தரையில் இழுபடுகிறார், பிறகு கையை விடுகிறார். மற்றக் குதிரைகளும் வண்டியும் அவர் மேலாகப் போகின்றன. குதிரைகளை வேகமாக ஓட்டச் சொன்னவரே அவர்தான். மெதுவாகப் போகும் குதிரை அங்குமிங்கும் நகரும், முழு வேகத்தில் நேராக ஓடும். அந்த நேர்கோட்டுக்கு நடுவே கையையும் காலையும் ஒடுக்கிக் கிடந்தால் குளம்பு படாது. ஸ்டண்ட் கலைஞர்களுக்கான பாதுகாப்புக் கருவிகளை உருவாக்கியதற்கும் சேர்த்து, 1966-ஆம் ஆண்டுக்கான கௌரவ ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. தகுதியானவருக்குத்தான் கொடுத்தார்கள்.

கூட்டத்தில் சவாரி செய்த துணை நடிகர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாலிவுட்டில் சன்செட், கோவர் சாலைகள் சந்திக்கும் முனையில், தொப்பியும் பூட்ஸுமாக வேலைக்குக் காத்து நிற்பார்கள். அந்த இடத்துக்கே ‘கோவர் கல்ச்’ என்று பெயர் வந்துவிட்டது. 1925-ல் தொடங்கிய சென்ட்ரல் காஸ்டிங் நிறுவனம் ஸ்டூடியோக்களுக்குத் துணை நடிகர்களை அனுப்பியது. ஐம்பது பேர் பாய்ந்து வரும் காட்சியில் ஒருவர் விழப்போகிறார் என்றால், பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் எங்கே விழுவார், நாம் எந்தப் பக்கம் விலகிப் போக வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். முன்னால் போகிறவர் கிளப்பிய புழுதியில் அவர்களுக்குக் கண்ணே தெரியாது.