பதினொரு முறை புறப்பட்ட விமானி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் 4-ஆம் நாளைக் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். அதையொட்டிக் கடற்படை விமானி ஒருவரைப் பற்றிப் பேசுமாறு இந்த வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, யாரைப் பற்றிப் பேசுவது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 1971-ஆம் ஆண்டு பாகிஸ்தானுடன் நடந்த போரில், ஐ.என்.எஸ். விக்ராந்த் என்னும் விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து சீ ஹாக் போர் விமானப் பிரிவை வழிநடத்தி, மகாவீர் சக்கர விருது பெற்ற சந்தோஷ் குமார் குப்தா அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நாகப்பட்டினத்திலும் தரங்கம்பாடியிலும் பூம்புகாரிலும் கரையில் நின்று நாம் பார்க்கும் இதே வங்கக் கடலின் வடகோடியில்தான் அவர் போரிட்டார். அப்படியிருந்தும் அவர் பெயரை அறிந்தவர்கள் நம் மாவட்டங்களில் மிகச் சிலரே என்பது எனக்கு நெடுநாளாக இருந்துவரும் வருத்தம்.

நான் கடற்படையில் விமானப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்தே பணியில் சேர்ந்தேன். ஆகவே போரைக் கண்ணால் கண்டவன் அல்லன். ஆனால் அதே கப்பலில், அதே வகை விமானங்களில் வேலை பார்த்திருக்கிறேன். அந்தத் தொழிலில் எது எளிது, எது கடினம் என்பதை ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

முதலில் அந்தக் கப்பலை நேயர்கள் மனக்கண்ணில் கண்டுகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் பாதியில் நிறுத்தப்பட்ட கப்பல் அது. இந்தியா 1957-இல் அதை வாங்கி, பெல்பாஸ்ட் நகரத்துக் கப்பல் தளத்தில் முழுமைப்படுத்தி, 1961 மார்ச் 4 அன்று விக்ராந்த் என்ற பெயருடன் கடற்படையில் சேர்த்தது. அதே ஆண்டு மே 18 அன்று, பின்னாளில் கடற்படைத் தலைமைத் தளபதியாக உயர்ந்த ஆர். எச். தஹிலியானி, அதன் தளத்தில் சீ ஹாக் விமானத்தை இறக்கி, அதில் ஜெட் விமானம் இறக்கிய முதல் இந்தியர் ஆனார். கப்பலின் நீளம் ஏறத்தாழ 213 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று கிழக்கு மேற்காக ஏறத்தாழ 240 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு விளங்கும். கோயிலின் வாயிலில் நுழைந்து பின்மதில் வரை நாம் நடக்கும் அந்தத் தொலைவைவிடக் குறைவான நீளமுள்ள தளத்தில், அதிலும் ஒரு பகுதியில் மட்டும், ஜெட் விமானம் வந்து இறங்கி நின்றாக வேண்டும். அந்தத் தளமோ அலையில் ஏறி இறங்கிக்கொண்டும், முன்னே நகர்ந்துகொண்டும் இருக்கும்.

இறங்குவது எப்படி என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. தளத்தின் குறுக்கே தடித்த எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். விமானத்தின் வால் பக்கத்தில் ஒரு கொக்கி தொங்கும். விமானி தளத்தின் ஓரத்தில் உள்ள கண்ணாடியில் தெரியும் ஒளிப் புள்ளியைப் பார்த்து, தன் உயரம் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று கணித்தபடியே வந்து, கம்பிகளில் ஒன்றைக் கொக்கியால் பற்ற வேண்டும். கொக்கி மாட்டிய நொடியில் விமானம் முன்னால் பாயவும் முடியாமல், நிற்கவும் மனமில்லாமல் ஒருமுறை குலுங்கும். அந்தக் குலுக்கத்தைத் தளத்தில் நிற்பவர்கள் காலடியில் உணரலாம். கொக்கி மாட்டத் தவறினால், கப்பலின் நேர்கோட்டிலிருந்து சற்றே பக்கவாட்டில் திருப்பி அமைத்த தளத்தின் வழியே மீண்டும் வானேறி, இன்னொரு முறை சுற்றி வர வேண்டும். எரிபொருள் மிச்சமிருக்கும்வரைதான் அந்த இன்னொரு முறை உண்டு. தரையில் ஓடுதளம் இருந்த இடத்திலேயே இருக்கும். கடலிலோ விமானி திரும்பி வரும்போது கப்பல் எங்கே இருக்கிறது என்பதையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சீ ஹாக் ஒரே எஞ்சினும் ஒரே இருக்கையும் கொண்ட விமானம். நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளும், இறக்கைகளின் அடியில் ராக்கெட்டுகளும் குண்டுகளும் அதன் ஆயுதங்கள். 1960-இல் தொடங்கப்பட்ட 300-ஆம் பிரிவு, வெள்ளைப் புலிகள் என்ற பெயருடன் இவற்றை ஓட்டியது. அந்த விமானங்களின் தொடக்க காலத் தளங்களில் ஒன்று நம் கோயம்புத்தூர் சூலூர் என்பது பலருக்குத் தெரியாது. கோவா விடுதலைக்குப் பிறகே அவை தபோலிம் நகருக்குச் சென்றன. 1965-ஆம் ஆண்டுப் போர் வந்தபோது விக்ராந்த் பழுதுபார்ப்பில் இருந்தது. கப்பலிலிருந்து போருக்குச் செல்லவே பயிற்சி பெற்றவர்கள் அந்தப் போரில் தங்கள் கப்பலிலிருந்து எழும்ப முடியாமல் போயிற்று. அந்தக் குறை பிரிவின் ஒவ்வொருவர் மனத்திலும் இருந்தது என்று எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1971-இலும் ஏறக்குறைய அதுவே நடந்திருக்கும். கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. 24 நாட், அதாவது மணிக்கு 24 கடல் மைல், வேகத்தில் ஓடக்கூடிய கப்பல் ஏறத்தாழ 16 நாட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற நிலை. விமானம் தாங்கிக் கப்பலுக்கு வேகம் என்பது ஓடித் தப்புவதற்கு மட்டும் அன்று. கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடினால்தான் தளத்தின் மேல் போதிய காற்று வீசும். அந்தக் காற்று இருந்தால்தான் ஆயுதச் சுமையோடு விமானம் எழும்பும். விமானத்தை உந்தித் தள்ளும் பொறிக்கு வேண்டிய நீராவியும் அதே கொதிகலன்களிலிருந்துதான் வர வேண்டும். காற்று அடங்கிய நாளில் பாய்மரக்காரர்கள் படும் பாட்டைக் கேட்டு வளர்ந்த நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழுதான கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்ற கேள்வி எழுந்தது. அனுப்பலாம் என்று முடிவாயிற்று. அந்த முடிவை எடுத்தவர்களும், அதை ஏற்றுக் கடலில் இறங்கியவர்களும் தெரிந்தேதான் துணிந்தார்கள்.

கிழக்குக் கடற்படைப் பிரிவுக்கு அப்போது தலைமை வகித்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். விக்ராந்தைத் தேடி மூழ்கடிக்கவே பாகிஸ்தான் தன் காஸி என்னும் நீர்மூழ்கிக் கப்பலை நவம்பர் மாதம் கராச்சியிலிருந்து அனுப்பியது. அத்தனை தொலைவு வந்து வங்கக் கடலில் தாக்கக்கூடிய நீர்மூழ்கி அவர்களிடம் அது ஒன்றே. சென்னைக் கடற்பரப்பிலும் பிறகு விசாகப்பட்டினத்துக்கு அருகிலும் அது தேடியது. விக்ராந்தோ அந்தமான் பக்கம் மறைந்து நின்றது. ராஜ்புத் என்ற பழைய போர்க்கப்பல், வானொலிச் செய்திகளை மிகுதியாக அனுப்பி, தானே விக்ராந்த் என்று எதிரியை எண்ண வைத்தது. டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. உள்ளிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்தச் செய்தி உறுதியாவதற்கு முன்பே, 4-ஆம் தேதி முற்பகலில், விக்ராந்தின் தளத்திலிருந்து எட்டு சீ ஹாக் விமானங்கள், அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் விமான தளத்தை நோக்கிப் பறந்தன. அன்று பிற்பகலிலேயே சிட்டகாங் துறைமுகமும் தாக்கப்பட்டது. அடுத்தடுத்த நாள்களில் குல்னா, மங்களா ஆகிய ஆற்றுத் துறைமுகங்கள் வரை தாக்குதல் நீண்டது. இந்த இடத்தில் டெல்டாக்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கிழக்கு வங்காளமும் ஆறு கிளை பிரிந்து கடலில் சேரும் நாடு. அங்கே படையும் உணவும் ஆயுதமும் போய்வரும் பெருவழி ஆறுதான். பாகிஸ்தான் படை கடல் வழியே உதவி பெறவும் முடியாமல், கடல் வழியே விலகிச் செல்லவும் முடியாமல் செய்ய வேண்டுமென்றால், துறைமுகங்களையும் ஆற்று முகத்துவாரங்களில் நின்ற கப்பல்களையும் துப்பாக்கிப் படகுகளையும் முடக்க வேண்டும். குப்தாவின் பிரிவுக்குக் கிடைத்த வேலை அது.

லெப்டினன்ட் கமாண்டர் பதவியில், பிரிவின் தலைவராக இருந்த அவர், பலத்த காவலிருந்த இலக்குகளின் மேல் பதினொரு தாக்குதல்களைத் தாமே முன்னின்று நடத்தினார். எதிரியின் போர் விமானங்கள் டாக்காவில்தான் இருந்தன. அங்குள்ள ஓடுதளத்தை நம் விமானப்படை சில நாள்களிலேயே தகர்த்துவிட்டதால், வானில் அவர்களை எதிர்கொள்ளும் நிலை சீ ஹாக் விமானிகளுக்கு நேரவில்லை. இதையும் உள்ளபடி சொல்லிவிடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. ஆபத்து கீழிருந்து வந்தது. துறைமுகத்தைத் தாக்கும் விமானம் தாழப் பறந்தாக வேண்டும்; தாழப் பறந்தால் கரையிலும் கப்பல்களிலும் இருக்கும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு அது அகப்படும். முதல் முறை போகும்போது எதிரி எதிர்பாராமல் இருக்கலாம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அவன் காத்திருப்பான் என்று தெரிந்தே போக வேண்டும். குப்தாவின் விமானத்தின் மேல் இருமுறை குண்டு பட்டது. இருமுறையும் அவர் அதைக் கப்பலுக்கே கொண்டுவந்து இறக்கினார்.

என் தொழில் காரணமாக, அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் எளிதாகக் கடந்து போக முடிவதில்லை. குண்டு பட்ட விமானத்தில், எரிபொருள் குழாயோ, இறக்கையின் அசையும் பகுதிகளை இயக்கும் அமைப்போ சேதமடைந்திருக்கிறதா என்பது விமானிக்கு முழுதாகத் தெரியாது. வால் கொக்கி இறங்குமா, சக்கரங்கள் தாங்குமா என்பதை இறங்கும்போதுதான் அறிய முடியும். சுற்றிலும் கடல், இறங்க வேறு இடம் தேடும் வசதியும் பெரும்பாலும் இல்லை. அப்படி வந்து இறங்கிய விமானத்தைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, துளைபட்ட தகட்டைச் சீராக வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து ரிவெட் அடித்து, உப்புப் படிவை நல்ல தண்ணீரால் கழுவி, பீரங்கிக் குண்டுச் சரத்தைக் கையால் ஏற்றி, விடிவதற்குள் மீண்டும் மேல்தளத்துக்கு அனுப்புவார்கள். அந்த வேலை செய்தவர்களின் மேல் விமானி வைக்கும் நம்பிக்கை பெரிது. தலைவர் ஒவ்வொரு முறையும் தாமே முன்னால் போகிறார் என்பது அவர்களுக்கு எவ்வளவு ஊக்கம் தந்திருக்கும் என்பதை, விமானத்தின் அடியில் படுத்து வேலை செய்த எவரும் உணர்வர்.

சீ ஹாக் பகலில் போரிடும் விமானம். இரவில் ரேடாருடன் அலிஸே விமானங்கள் சென்று குண்டு வீசின. மெதுவாகப் பறக்கும், மூவர் செல்லும் அந்த விமானத்தின் மேற்குப் பிரிவினர் கொடுத்த விலையையும் இங்கே குறிப்பிட வேண்டும். டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அருகே குக்ரி என்ற நம் போர்க்கப்பல் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டு, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். அதற்குப் பின் மேற்குக் கடலில் தேடுதலில் ஈடுபட்டிருந்த ஓர் அலிஸேயை எதிரியின் அதிவேக ஸ்டார்ஃபைட்டர் விமானம் வீழ்த்தியது. அதை ஓட்டிய லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய் உள்பட மூவரும் திரும்பவில்லை. ராய்க்கு வீர் சக்கரம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. விருதுகளைப் பற்றிப் பேசும்போது, திரும்பி வந்தவரை மட்டும் பேசி நிறுத்துவது நியாயமாகாது.

டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. விக்ராந்தைச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு மகாவீர் சக்கரங்களும் பன்னிரண்டு வீர் சக்கரங்களும் கிடைத்தன. மகாவீர் சக்கரம் பெற்ற இருவரில் ஒருவர் கப்பலின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ், மற்றவர் குப்தா. பழுதான கப்பலைக் காற்றுக்கு எதிராகத் திருப்பித் திருப்பி ஓட்டியவருக்கும், அதிலிருந்து எழும்பிப் போனவருக்கும் ஒரே விருது கிடைத்தது மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. குப்தா பின்னர் ரியர் அட்மிரல் பதவி வரை உயர்ந்தார். சீ ஹாக் விமானங்களுக்குப் பின் அவருடைய பிரிவு சீ ஹாரியர் விமானங்களையும், 2016 முதல் மிக்-29கே விமானங்களையும் ஓட்டி வருகிறது. பழைய விக்ராந்த் 1997-இல் ஓய்வு பெற்றது. அதே பெயரில், நம் நாட்டிலேயே கட்டிய கப்பல் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் பணியில் சேர்ந்தது.

கடைசியாக நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்றைய விக்ராந்தில் விமானிகள் சிலரே. எஞ்சின் அறையிலும் சமையற்கட்டிலும் தளத்திலும் வேலை பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களில் நம் தஞ்சை, நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் யாரேனும் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், இப்போது அவர்களுக்கு எழுபது வயது கடந்திருக்கும். எந்தப் பிரிவில், எந்த ஆண்டு முதல், என்ன வேலை பார்த்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதி வையுங்கள். பழைய படங்கள் இருந்தால், அதில் நிற்பவர்களின் பெயர்களைப் படத்தின் பின்புறம் குறித்து வையுங்கள். எழுதியதை இந்த நிலையத்துக்கு அனுப்பினால் ஒலிபரப்புவதற்கு இங்குள்ளவர்கள் இசைந்திருக்கிறார்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், செவிமடுத்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.