134-ஆவது இடம்

(கோவையில், டென்னிஸ் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது ஓர் அப்பா என்னை நிறுத்தி, "மேடம், என் பொண்ணு எப்போ விம்பிள்டன் ஆடுவா?" என்று கேட்டார். பெண்ணுக்கு 11 வயது. ஆசையில் தப்பே இல்லை. ஆனால் நம் ஊர் கோர்ட்டுக்கும் விம்பிள்டனுக்கும் நடுவில் ஒரு பெரிய உலகம் இருக்கிறது. டென்னிஸையே தொழிலாகக் கொண்ட பெண்களில் பெரும்பாலோர் இருப்பது அங்கேதான். இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நிருபமா வைத்தியநாதன் கோவையில் பிறந்தவர். 1998 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியைத் தோற்கடித்தார். ஓப்பன் யுகத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் பெரிய போட்டிகளில் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிறகு, கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்போது அவருக்கு 21 வயது. அதே ஆஸ்திரேலிய ஓப்பனில் சானியா மிர்சா மூன்றாவது சுற்று வரை போனது அதற்கு 7 வருடம் கழித்து. அதே 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வெண்கலமும் நிருபமாவுக்குக் கிடைத்தது.

அவர் எட்டிய மிக உயர்ந்த தரவரிசை 134. இதைச் சொன்னதும், "அவ்வளவுதானா?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். உலகத்திலேயே 134-ஆவது இதய மருத்துவர் நம் தெருவில் இருந்தால், விடியற்காலையிலேயே வாசலில் டோக்கன் போட்டு நிற்க மாட்டோமா? டென்னிஸில் மட்டும் அந்த எண் ஏன் தோல்வி மாதிரி காதில் விழுகிறது?

காரணம் பணம் போகும் வழி. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர் ஆடுகிறார்கள். தரவரிசையை வைத்து நேராக உள்ளே போகிறவர்கள் ஏறக்குறைய 104 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் தகுதிச்சுற்றில் அடுத்தடுத்து 3 ஆட்டம் ஜெயித்தாக வேண்டும். 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்குக்கூட 1,32,000 ஆஸ்திரேலிய டாலர். தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் 35,000. தரவரிசையில் 95-இல் இருப்பவருக்கும் 134-இல் இருப்பவருக்கும் ஆட்டத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. வருமானத்தில்தான் அந்த வித்தியாசம்.

இதற்கும் கீழே போனால் நிலைமை இன்னும் மோசம். மொத்தப் பரிசே 15,000 அமெரிக்க டாலர் என்கிற போட்டிகளில்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதில் ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றால் 150 டாலருக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். வரியையும் அங்கேயே பிடித்துக்கொள்வது உண்டு. விமான டிக்கெட், அறை, சாப்பாடு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் எல்லாம் சொந்தச் செலவு. கோச்சைக் கூடக் கூட்டிப்போக முடியாமல் தனியாகப் போகிற பெண்கள்தான் அதிகம்.

ஒரு முறை என் மாணவி ஒருத்தியோடு வெளியூர்ப் போட்டிக்குப் போயிருந்தேன். ஒரே அறையில் 3 பெண்கள். அவர்களில் இரண்டு பேர் மறுநாள் ஒருவரையொருவர் எதிர்த்து ஆட வேண்டியவர்கள். ராத்திரி பாத்ரூமில் துணி அலசி, நாற்காலி முதுகில் போட்டு, ஃபேனுக்குக் கீழே இழுத்து வைத்தார்கள். ஒருத்தி ராக்கெட் கைப்பிடியில் சுற்றியிருந்த பழைய கிரிப்பை உரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிராக்டிஸுக்கு அது போதுமாம். கையில் இருந்த ஒரே புது கிரிப் மேட்சுக்கு. காலையில் என் மாணவி 6-4, 6-4 என்று தோற்றாள். ஒரு மணி நேரத்துக்குள் போனை எடுத்து, அடுத்த போட்டி நடக்கும் ஊருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை என்று சொல்ல மாட்டேன். அழுதுகொண்டேதான் பார்த்தாள்.

அவள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டாள்? தரவரிசைப் புள்ளிகளுக்கு ஆயுசு 52 வாரம்தான். போன வருடம் இதே வாரம் ஜெயித்த புள்ளி இந்த வாரம் கழிந்துவிடும். அதே அளவு மறுபடி எடுத்தால்தான் இருந்த இடத்திலாவது நிற்கலாம். கணுக்கால் சுளுக்கி இரண்டு மாதம் உட்கார்ந்தால் அந்த இடமும் போகும்.

அகமதாபாத்தின் அங்கிதா ரெய்னாவைப் பாருங்கள். 2018-இல் பாலெம்பாங் ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம். அடுத்த வருடம் சீனாவில், முன்னாள் அமெரிக்க ஓப்பன் சாம்பியன் சமந்தா ஸ்டோசரையே வீழ்த்தினார். வருடக்கணக்காகச் சின்னப் போட்டிகளில் படிப்படியாக ஏறி, 2020 மார்ச்சில் ஒற்றையர் தரவரிசையில் 160-ஆவது இடத்தைத் தொட்டார். அதே மாதம் கொரோனாவால் உலகம் முழுக்க டென்னிஸ் நின்றுபோனது. 27 வயது, ஆட்டம் முதிர்ந்திருக்கும் நேரம். அதற்கு மேல் அவரால் ஏற முடியவில்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. ஆனால் அவர் ஆடுவதை விடவில்லை. மறு வருடம் ஆஸ்திரேலியாவில் பிலிப் ஐலண்ட் இரட்டையர் பட்டத்தை வென்றார்.

இப்போது நம் ஊரில் எல்லோர் வாயிலும் மாயா ராஜேஸ்வரன் பெயர்தான். 2025-இல் மும்பை ஓப்பனில் தகுதிச்சுற்றில் ஆரம்பித்து அரையிறுதி வரை போனபோது அவருக்கு 15 வயது. பெருமைப்படுங்கள், நானும் படுகிறேன். ஆனால் அதைச் சொல்லிக்காட்டி உங்கள் பிள்ளையை வீட்டில் இடித்துக்காட்டாதீர்கள்.

நிருபமா கல்யாணமாகி, அமெரிக்கா போய், தாயும் ஆன பிறகு மறுபடி ராக்கெட்டை எடுத்தார். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காக இரட்டையர் ஆடினார். அப்போது வயது 33. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆடத் தோன்றியது, வந்தார்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் எங்கேயாவது இந்த 15,000 டாலர் போட்டி நடந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் டிக்கெட் இருக்காது. பெரிய கோர்ட்டை விட்டுவிட்டு ஓரத்துக் கோர்ட்டுக்குப் போங்கள். அம்பயரையும் ஓர் அம்மாவையும் தவிர யாரும் பார்க்காத ஒரு தகுதிச்சுற்று ஆட்டம் அங்கே நடந்துகொண்டிருக்கும். உட்கார்ந்து பாருங்கள். நல்ல பாயின்ட் வந்தால், யார் எடுத்திருந்தாலும் கை தட்டுங்கள். அவ்வளவு கிட்டத்தில் அவர்களுக்கு அது நன்றாகவே கேட்கும்.