சிலுவைக்குப் பின்னால் ஒரு சிட்டின் இறகு

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அந்த வட்டத்துக்குள் இயேசுவின் சிலுவைக் காட்சியை மரத்தில் செதுக்கி, மேலே படிகம் மூடி, கழுத்தில் அணியும் பதக்கமாக்கியிருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டு மெக்சிகோவின் வேலை இது. குனிந்து பார்த்தால் சிலுவைக்குப் பின்னால் நீலமும் பச்சையுமாக ஏதோ மின்னும். வண்ணப் பூச்சோ என்று தோன்றும். அது ‘ஹம்மிங்பேர்டு’ எனப்படும் ரீங்காரச் சிட்டின் இறகு.

மரத்தை இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கும் பழக்கம் ஐரோப்பாவின் தாழ்நாடுகளிலிருந்து, அதாவது இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதியிலிருந்து வந்தது. கொட்டையை உடைத்தாற்போல் இரண்டாகத் திறக்கும் செபப் பேழைகளை 1500க்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் அங்கே செய்தார்கள். மெல்ல வளர்ந்து இறுகிய பாக்ஸ் மரம் என்பதால் மயிரிழை போன்ற கோட்டையும் அது தாங்கும். மெக்சிகோ 1521இல் ஸ்பெயினிடம் வீழ்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1523இல், அதே தாழ்நாடுகளின் கென்ட் நகரைச் சேர்ந்த பேத்ரோ தெ காந்தே என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவி அங்கே போய்ச் சேர்ந்தார். அங்குள்ள மக்கள் பேசிய நவாட்ல் மொழி கற்றார், உள்ளூர் மக்களுக்குக் கைத்தொழில் பள்ளி நடத்தினார். அவருடைய மேற்பார்வையில் 1539இல் இறகுகளாலேயே செய்த திருப்பலிக் காட்சி ஒன்று பிரான்சில் இன்றும் இருக்கிறது.

இறகு வேலையை அந்த மக்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ‘அமன்தேகா’ என்று அழைக்கப்பட்ட இறகுக் கலைஞர்களுக்கு அது வழிவழி வந்த தொழில். கற்றாழை மடலின் மேல் பஞ்சைப் பசையிட்டுப் பரப்பிக் காயவைத்து, மெல்லிய தாளாக உரித்தெடுப்பார்கள். பசை ஆர்க்கிட் கிழங்கிலிருந்து வரும். அடியில் சாயமேற்றிய மலிவான இறகுகள், மேலே விலையுயர்ந்தவை. ஒவ்வொன்றாக எடுத்து எலும்புக் கருவியால் அழுத்தி ஒட்ட வேண்டும். அந்தப் பொறுமையை நினைத்தாலே எனக்கு மூச்சு அடங்குகிறது.

ரீங்காரச் சிட்டை நம் தோட்டத்துத் தேன்சிட்டு என்று எண்ணிவிடக் கூடாது. இது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் பறவை. அதன் மின்னும் நிறத்தைத் தருவது சாயம் இல்லை. இறகுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் நுண்தகடுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. சற்றுத் தலையைத் திருப்பினால் பச்சை கருத்துவிடும், மறுபடி திருப்பினால் பற்றி எரியும்.

அழகுக்காக மட்டுமா இந்தப் பறவையைத் தேர்ந்தார்கள்? நான் அப்படி நினைக்கவில்லை. போரில் மாண்ட வீரர்கள் நான்கு ஆண்டுகள் சூரியனோடு இருந்துவிட்டு, ரீங்காரச் சிட்டுகளாகவும் வண்ணத்துப்பூச்சிகளாகவும் திரும்பிவந்து பூவில் தேன் குடிப்பார்கள் என்பது மெக்சிகோவின் பூர்வகுடிகளான அஸ்தெக் மக்களின் நம்பிக்கை. சாகுன் என்னும் துறவி அவர்களிடம் கேட்டு இன்னொன்றும் எழுதிவைத்தார்: குளிர்காலத்தில் இந்தச் சிட்டு அலகை மரத்தில் செருகித் தொங்கும், வற்றிப்போகும், இறகு உதிரும், மழை வந்து இடி முழங்கும்போது உயிர்த்தெழும். மரத்தில் தொங்கி, உயிர் போய், மீண்டும் எழுவது! சிலுவையில் அறையப்பட்டவருக்குப் பின்னால் அந்த இறகைப் பரப்பிய கை இதை அறியாமலா பரப்பியிருக்கும்? அந்தக் கலைஞர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. மரச் செதுக்கலைப் புகழ்ந்துவிட்டு இறகை வெறும் பின்னணி என்று கடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ் கலை அருங்காட்சியகத்தில் திருப்பலிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. 1575க்கும் 1578க்கும் இடையில் மெக்சிகோ நகரில் செய்தது. உயரம் 33 சென்டிமீட்டர். பொன்முலாம் பூசிய வெள்ளி, படிகம், உள்ளே குட்டி மரச் சிற்பங்கள், அவற்றின் பின்னே இறகு. பூசையில் குரு அதை உயர்த்தியிருப்பார். மெழுகுவர்த்தி வெளிச்சம் படிகத்தில் புகுந்திருக்கும். கை சற்றே அசைந்தபோதெல்லாம் உள்ளே அந்தப் பச்சை ஒருமுறை கருத்து, ஒருமுறை எரிந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.