வைத்திருந்து தருவது வலைப்பூதான்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கிற அண்ணாச்சிமாரே, அக்காமாரே, பாளையங்கோட்டை வெக்கையிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். ‘ஒருவர் தன்னை வெளிப்படுத்த ஏற்ற இடம் சொந்த வலைப்பூவா, முகநூல் போன்ற சமூக ஊடகமா?’ நான் வலைப்பூ அணி, அதாவது ப்ளாக் அணி. எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி நன்றாகப் பேசினார்கள். வலைப்பூவில் எழுதினால் படிக்க ஆளில்லை என்றார்கள். வெள்ளம் வந்த அன்றைக்கு நம்மைக் காப்பாற்றியது முகநூலும் வாட்ஸ்அப்பும்தானே என்று கேட்டார்கள். எழுத வராதவர்களுக்கும் வீடியோ ஒரு வாய் கொடுத்திருக்கிறது என்று சொன்னபோது நானே கை தட்டினேன். இருந்தாலும் தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வர வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

வெள்ளத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது நம்மில் பல பேர் வீட்டுக்குள் வந்த விஷயம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பேர் சோறு தண்ணியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் ‘இந்தத் தெருவில் மாடியில் வயசானவர்கள் இருக்கிறார்கள், படகு அனுப்புங்கள்’ என்று முகநூலில் போட்டவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அண்ணாச்சி, அது உதவி கேட்பது. தன்னை வெளிப்படுத்துவது அதற்கு அப்புறம் வருகிறது. படகு வந்துபோய், தண்ணி வடிந்து, கதவைத் தள்ளித் திறந்தால் உள்ளே சேறு. ஊறி வெடித்த அரிசி மூட்டை. ஏடு ஏடாக ஒட்டிக்கொண்டு பிரிக்க வராத கல்யாண ஆல்பம். உப்பிப்போய்க் கதவு திறக்காத மர பீரோ. அந்த வீட்டுக்கார அம்மா அன்றைக்கு முதலில் எதைத் தூக்கினாள்? எதைத் தூக்க மனசு வராமல் அப்படியே விட்டாள்? இதைச் சொல்ல இடம் வேண்டும். யோசிக்க நாலு நாள் வேண்டும். எழுதிப் பார்த்து, சரியில்லை என்று அழித்து, திரும்ப எழுத வேண்டும். வரைவாக வைத்திருந்து மனசு ஆறின பிறகு வெளியிடலாம் என்பது வலைப்பூவில் எழுதுகிறவர்களுக்குப் பழகிப்போன வழக்கம். முகநூலில் ஆறிப்போனதை யார் போடுகிறார்கள்? சுடச்சுடப் போட்டால்தான் அங்கே மதிப்பு.

சரி, போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் நீங்கள் முகநூலில் எழுதியதை இன்றைக்கு உங்கள் பேத்திக்குக் காட்ட வேண்டும். பெரும்பாலும் விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டேதான் போகிறோம். நடுவில் எத்தனை பிறந்தநாள் வாழ்த்து, எத்தனை பகிர்வு! வலைப்பூவில் ஓரத்தில் ஆண்டு போட்டிருக்கும். 2023-ஐத் தொட்டால் மாதம் விரியும். டிசம்பரைத் தொட்டால் உங்கள் எழுத்து அப்படியே இருக்கும். ‘வெள்ளம்’ என்று ஒரு குறிச்சொல் கொடுத்திருந்தால் இன்னும் சுலபம்.

இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். 1992 நவம்பரில் தாமிரபரணி பொங்கி வந்ததைப் பற்றி இந்த ஊரில் எல்லா வீட்டிலும் கதை இருக்கிறது. ஒருவர் திண்ணை வரை வந்தது என்பார், பக்கத்து வீட்டுக்காரர் இல்லவே இல்லை, ஜன்னல் வரை வந்தது என்பார். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியதா, எவ்வளவு முங்கியது என்பதுதான் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல். அதற்கு மேல் தெருவாரியாக, படிவாரியாக அன்றைக்கே தேதி போட்டு எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? நாலு தெருவுக்கு நாலு பேர் எழுதி, அது எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருந்திருந்தால், 2023-ல் எந்தப் பொருளை எந்தப் பலகைக்கு ஏற்றுவது என்று சில வீடுகளுக்காவது முன்னாலேயே தெரிந்திருக்கும். தனக்காக எழுதுவது பிறருக்கும் உதவும் என்பதற்கு இதை விட நான் என்ன சொல்ல?

அடுத்தது, இருக்கிற இடமே இல்லாமல் போகிற கதை. 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். தடை சரியா தப்பா என்பது இந்த மேடைக்கான பேச்சு இல்லை. ஆனால் நம் பக்கத்துக் கிராமங்களில் வயல் வேலை முடித்து வந்து, பாட்டும் நடிப்புமாகத் தங்களைக் காட்டிக்கொண்டிருந்த பெண்கள், பையன்கள் எத்தனை பேர்! அவர்களுக்கென்று சேர்ந்திருந்த ஆட்கள் ஒரே ராத்திரியில் போனார்கள். அதற்கு முன்னால் ஆர்குட் என்ற சமூக ஊடகம் 2014 செப்டம்பரில் மூடியது. கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில் மூடியது. வலைப்பூ எழுத இடம் தருகிற ப்ளாக்கர் 1999-இல் ஆரம்பித்தது, இன்றைக்கும் நடக்கிறது. ‘அதுவும் கூகுள் கையில்தானே இருக்கிறது, அதையும் மூடினால்?’ என்று எதிரணி அக்கா கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வலைப்பூவை முழுசாக ஒரே கோப்பாக இறக்கி, வேர்ட்பிரஸ் மாதிரி இன்னொரு இடத்தில் ஏற்றினால், தேதியும் தலைப்பும் மாறாமல் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். சொந்தமாக ஒரு முகவரி வாங்கி வைத்திருந்தால் வாசகருக்கு வீடு மாறியதே தெரியாது. முகநூலிலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் இறக்கியதைப் பிறர் படிக்க வைக்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வலைப்பூ மாதிரி இடம்தானே வேண்டும்?

இந்த இடம் தமிழுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் வலைப்பூக்கள் வர ஆரம்பித்தது 2003 வாக்கில். 2004-இல் அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் காட்டுகிற தமிழ்மணம் வந்தது. அப்போது வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் குறைவு, பிரவுசிங் சென்டர்தான். அங்கே இருக்கிற விண்டோஸ் எக்ஸ்பியில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தனியாகச் சேர்க்காவிட்டால் தமிழ் உடைந்து தெரியும். ‘கெ’ என்று எழுதினால் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’வும் அப்படித்தான் உடையும். இல்லையென்றால் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். கடைக்காரப் பையனிடம் கெஞ்சி, சிடி போட்டு அதைச் சரிசெய்து, ஈகலப்பை என்கிற தட்டச்சு மென்பொருளை நிறுவி, ஆங்கிலப் பலகையில் தட்டித் தட்டித் தமிழை வரவைத்து, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து எழுதினார்கள். காசு வரும் என்றா? யாரும் சம்பளம் தரவில்லை. பத்திரிகை ஆசிரியர் தேர்ந்தெடுத்தால்தான் நம் எழுத்து நாலு பேர் கண்ணில் படும் என்று இருந்த நிலை மாறி, ஒரு குமாஸ்தா, ஒரு வீட்டம்மா, வளைகுடாவில் வேலை பார்க்கிற ஒரு எலக்ட்ரீஷியன் தன் பெயரில், தன் மனசை, தன் ஊர்த் தமிழில் எழுத முடிந்தது. அந்த ஆசை ஒன்றுக்காகத்தான் அத்தனை பாடும்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். முகநூலில் எழுதுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க்காரர்தான். அல்வா படம் போடுகிறார், விருப்பம் கொட்டுகிறது. மறுவாரம், இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி எழுதுகிறார். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகக் கேட்டது ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி, டாக்டர் கூடாது என்றார், நான் கொடுக்கவில்லை என்று எழுதுகிறார். நாலைந்து பேர் பார்க்கிறார்கள். முகநூலில் எதை மேலே காட்டுவது என்று கணிக்கிற நிரல், பெரும்பாலும் அதிகம் பேர் தொட்டதைத்தான் இன்னும் அதிகம் பேருக்குக் காட்டும். அதன் வேலை அப்படி. மூன்றாவது வாரம் அவர் கை எதை எழுதும்? யாரும் அவரிடம் அப்பாவைப் பற்றி எழுதாதே என்று சொல்லவில்லை. ஆனாலும் அவர் நிறுத்திவிடுவார். கொஞ்ச நாளில் கோபப்பட்டால் கூட்டம் வருகிறது என்று கண்டுபிடிப்பார். அப்புறம் தனக்கு வராத கோபத்தையெல்லாம் வரவழைப்பார். நடுவர் அவர்களே, அங்கே வெளிப்படுவது அவரா, பார்க்கிறவர்களின் விருப்பமா? தன்னை வெளிப்படுத்தப் போன மனுஷன் தன்னையே தொலைப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

வலைப்பூவில் என்ன நடக்கும்? பத்தமடையைச் சேர்ந்த ஒரு தங்கச்சியைச் சொல்கிறேன். பாய் நெய்கிற வீட்டில் பிறந்த பெண். பத்தமடைப் பாயைப் பற்றி நாம் எத்தனையோ குட்டி வீடியோ பார்த்திருக்கிறோம். பட்டுப்பாயைக் கைக்குட்டை மாதிரி மடித்துக் காட்டுவார்கள், பொண்ணு மாப்பிள்ளை பெயர் நெய்த ஓரத்தைக் காட்டுவார்கள், அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அழகுதான். இந்தத் தங்கச்சி அதையே தன் வலைப்பூவில் எழுத உட்கார்ந்தாள். கோரையை அறுத்துக் காயவைப்பது, கீறுவது, ஓடுகிற தண்ணியில் ஊறப்போடுவது என்று எழுதிக்கொண்டே வந்தாள். ஊறினது போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அங்கே கை நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிற வேலை, ஆனால் அது அவளுக்குத் தெரியவில்லை. அடுப்படிக்குப் போய் உம்மாவிடம் கேட்டாள். உம்மா வாயால் சொல்லத் தெரியாமல், ஊறின கோரை ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்து, விரலால் உருட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அப்புறம் பாவு நூலுக்குக் குறுக்கே ஒரு ஒரு கோரையாகச் செருகி அச்சால் அடிக்கிறபோது தன் பாட்டி என்ன பேசிக்கொண்டே அடிப்பார்கள் என்று உம்மா சொல்ல ஆரம்பித்தார்கள். ராத்திரி வெகுநேரம் ஆகிவிட்டதாம். தாயும் மகளும் அப்படி உட்கார்ந்து பேசி எத்தனையோ வருஷமாம்.

அந்தப் பதிவை எத்தனை பேர் படித்தார்கள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீளமாக, நிதானமாக எழுத இடம் இருந்ததால்தான் தனக்குத் தெரியாதது எது என்று அவளுக்குத் தெரிந்தது. தன் வீட்டையே அவள் புதுசாகப் பார்த்தாள். பொழுதுபோக்கு என்று ஆரம்பித்தது அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. இப்படி ஒன்றை அரை நிமிஷ வீடியோ தருமா?

வீடியோ என்றதும் அண்ணாச்சி சொன்னது ஞாபகம் வருகிறது. எழுத வராத நம் ஆச்சி ஒப்பாரியோ தாலாட்டோ பாடினால் அது வீடியோவில்தான் நிற்கும். ஆமாம். இந்த வாதத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அந்த வீடியோவை வலைப்பூவிலும் வைக்கலாமே! கூடவே ஆச்சி எந்த ஊர், யாருடைய சாவில் இந்தப் பாட்டை முதலில் பாடினாள், நடுவில் வருகிற அந்தப் பெயர் யாருடையது என்று பேரன் நாலு பத்தி எழுதி வைக்கலாம். இல்லாவிட்டால் ‘செம ஆச்சி’ என்று ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு உலகம் அடுத்ததற்குப் போய்விடும். ஆச்சி யார் என்று யாருக்கும் தெரியாது.

படிக்க ஆளில்லை என்ற வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். எந்தக் கப்பல் வந்தது, யாருக்கும் யாருக்கும் சண்டை, என்ன சகுனம் என்று எழுதிக்கொண்டே போனார். அது 1846-இல்தான் வெளியார் கண்ணில் பட்டது. அவ்வளவு தூரம் எதற்கு, நம் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. தன் வாழ்க்கையைச் செய்யுளாகவே எழுதினார். 1936-இல் காலமானார். அது நூலாக வந்தது 1946-இல். படிக்க எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தால் இந்த இரண்டு எழுத்துமே நமக்குக் கிடைத்திருக்காது. இவர்களோடு நம்மை ஒப்பிட நான் சொல்லவில்லை. எழுதுகிற அன்றைக்கு வாசகர் வந்தாக வேண்டும் என்ற கணக்கு தப்பு என்று மட்டும் சொல்கிறேன். வலைப்பூ கூகுள் தேடலில் கிடைக்கும். கோரையைப் பற்றித் தேடுகிற ஒருவர் அஞ்சு வருஷம் கழித்து அந்தத் தங்கச்சி வீட்டுக்கு வந்து சேர முடியும். முகநூலில் நண்பர்களுக்கு மட்டும் என்று எழுதியது அப்படி வெளியே கிடைக்காது.

நேரம் ஆகிவிட்டதென்று நடுவர் மணியைத் தொடுகிறார்கள். எனக்குப் பின்னால் பேசப்போகிற எதிரணி அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் முகநூல் பக்கத்தில் இத்தனை வருஷம் எழுதியதில், உங்கள் பிள்ளை ஒருநாள் தேடிப் படிக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுகிற ஒன்றைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அதை இந்த மேடையிலேயே உங்கள் கைப்பேசியில் எடுத்துக் காட்டுங்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால் என் பேச்சை நடுவர் தள்ளிவிடலாம். தேடிக்கொண்டே இருந்தீர்கள் என்றால் தீர்ப்பை எங்களுக்குத் தர வேண்டும். நன்றி, வணக்கம்.