கல்வம் பிடித்த கை கட்டிய கல்லூரி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் எதிரணி நண்பர்களுக்கும் என் வணக்கம். ‘பிலடெல்பியா நகரில் மருந்தாளுநர் தொழிலை வளர்த்தது கல்லூரியா, கடையா?’ என்ற கேள்விக்குக் கடையே என்று விடை சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், அமெரிக்காவின் முதல் மருந்தியல் கல்லூரி 1821இல் அந்நகரில் தோன்றியது என்று மூன்று முறை சொன்னார்; தோற்றுவித்தவர்கள் யார் என்பதை மட்டும் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகம், தன் மருத்துவப் பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கேட்கும் மருந்துக்கடைப் பயிற்சியாளர்களுக்குத் தானே பட்டம் வழங்கப்போவதாக அறிவித்தது. நம் தொழிலில் யார் தேர்ந்தவர் என்பதை மருத்துவர்கள் முடிவு செய்வதா என்று ஊர்க் கடைக்காரர்களுக்கு உறைத்தது. 1821 பிப்ரவரியில் தச்சர் சங்கத்தின் மண்டபமான கார்பென்டர்ஸ் ஹாலில் அவர்கள் கூடினார்கள். 68 பேர் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கல்லூரியை அமைத்தார்கள். வகுப்புகள் மாலையில் நடந்தன, ஏனெனில் மாணவர்கள் பகலெல்லாம் கடையில் கல்வம் என்னும் மருந்து உரலில் மருந்து இடித்துக்கொண்டிருந்த பயிலுநர்கள். கடையில் பயிற்சி முடிக்காதவருக்குப் பட்டம் இல்லை என்றும் விதி இருந்தது. கல்லூரியைப் பெற்ற தாயை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் மாலை போட்டால் எப்படி, நடுவர் அவர்களே?

மருத்துவர் ஜான் மோர்கனை எதிரணியினர் பெருமையோடு எடுத்துக்காட்டினார்கள். மருந்து எழுதுபவர் வேறு, கலந்து கொடுப்பவர் வேறாக இருக்க வேண்டும் என்று 1765இலேயே வாதாடியவர் அவர், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு அவர் பென்சில்வேனியா மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தவர். நம் ஊர் வழக்கில் சொன்னால், அவர் கம்பவுண்டராக இருந்து மருத்துவரானவர். அந்த மேசையில் நின்றிராவிட்டால் இந்தப் பிரிவினையின் அருமை அவருக்கு விளங்கியிருக்குமா?

கடைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் வாதிடவில்லை. தாமஸ் டையட் என்பவர் தம் பெயருக்கு முன் தாமே ‘டாக்டர்’ போட்டுக்கொண்டு, காப்பு மருந்துகளை, அதாவது செய்முறையை வெளியே சொல்லாமல் தனிப்பெயரில் வரும் ‘பேட்டன்ட்’ மருந்துகளை, புட்டி புட்டியாக விற்றுப் பெரும் பணம் சேர்த்தது இதே ஊரில்தான். அந்த அழுக்கை முதலில் கையிலெடுத்தவர்கள் யார் என்பதே என் கேள்வி. அழுகிற குழந்தைக்குக் கொடுக்கும் ‘காட்ஃபிரே கார்டியல்’ என்ற இனிப்பு மருந்தை எடுத்துக்கொள்வோம். அதில் அபின் உண்டு. அந்த அபினின் அளவோ கடைக்குக் கடை வேறுபட்டது. நேற்று ஒரு கடையில் வாங்கிய அதே கரண்டி அளவை இன்று இன்னொரு கடைப் புட்டியிலிருந்து ஊட்டும் தாய்க்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? 1824இல் பிலடெல்பியா மருந்துக்கடைக்காரர்கள் தங்கள் கல்லூரியின் பெயரால், அதையும் சேர்த்து எட்டு காப்பு மருந்துகளுக்கு ஒரே சீரான செய்முறையை அச்சிட்டு வெளியிட்டார்கள். உணவு, மருந்துத் தூய்மைக்கான கூட்டாட்சிச் சட்டம் வந்ததோ 1906இல். இடையில் 82 ஆண்டுகள்.

சூசன் ஹேஹர்ஸ்ட் அம்மையாரை எதிரணியினர் தங்கள் கல்லூரியின் பெண் பட்டதாரி என்று கொண்டாடினார்கள். அவர் பட்டம் பெற்றது 1883இல், அறுபது வயதைக் கடந்தபின். அதற்கு முன்பே மகளிர் மருத்துவமனையின் மருந்துப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் வேலைதான் முந்தியது, சான்றிதழ் பிந்தியது.

நிறைவாக, அமெரிக்க மருந்தியலின் தந்தை எனப்படும் வில்லியம் புராக்டர். பதின்ம வயதில் ஒரு மருந்துக்கடையில் பயிலுநராகச் சேர்ந்தவர், 1844இல் ஒன்பதாம் தெருவும் லம்பார்டு தெருவும் சந்திக்கும் முனையில் சொந்தக் கடை திறந்தார், பேராசிரியரானது 1846இல். மூலிகைப் பொடியைச் சாராயத்தில் ஈரப்படுத்தி, கீழே குறுகிய கூம்புப் பாத்திரத்தில் நெகிழ்வும் இறுக்கமும் இல்லாமல் அடைத்து, மேலே சாராயத்தை ஊற்றிச் சத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் முறையை அந்நாட்டில் பரவச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பொடியைத் தளர்வாக அடைத்தால் சாராயம் சத்தை எடுக்காமலே ஓடிவிடும், இறுக்கி அடைத்தால் சொட்டே விழாது; அந்தப் பக்குவம் விரல்களுக்குத்தான் தெரியும். 1852இல் அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் பிலடெல்பியாவில் தொடங்கியபோது அதன் முதல் தலைவரான டேனியல் ஸ்மித்தும் கடைக்காரர்தான். 1874 பிப்ரவரியில் மாலை விரிவுரை முடித்துத் திரும்பிய இரவில் புராக்டர் காலமானார். அவரைப் பேராசிரியர் என்று தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள எதிரணி விரும்பினால், லம்பார்டு தெரு முனைக் கடையையும் சேர்த்தே எழுதிக்கொள்ளட்டும். நன்றி, வணக்கம்.