பாதி போதாது

(அறிவியல் ஆர்வலர்களின் மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இன்று பேசப்போவது, எலியிலும் நம்மிலும் கண்ணை உருவாக்கும் ஒரு மரபணுவைப் பற்றி. எலிக்குப் போகும் முன் ஒரு சொல் வழக்கைத் தீர்த்துவிடலாம். கண் தானப் பதாகைகளில் 'கருவிழி' என்று எழுதுகிறோம். ஆனால் தானமாக எடுப்பதில் கருப்பு துளிகூடக் கிடையாது. கண்ணாடிபோல் தெளிந்த, சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள படலம் அது. கருப்பு, பின்னால் இருக்கும் ஐரிஸ் என்ற நிற வட்டமும் அதன் நடுவிலுள்ள பாவையும் தரும் கருப்பு. பெயரை மட்டும் முன்னால் இருப்பது வாங்கிக்கொண்டது. அதனால் இன்று கார்னியா என்றே சொல்கிறேன்.

சுண்டெலியின் கர்ப்பம் 19, 20 நாள்தான். ஒன்பதரை நாள் ஆன கரு கடுகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அந்த அளவிலேயே மூளையின் இரு பக்கமும் குமிழ் போல ஒன்று புடைத்து வந்து, தோலை உள்ளிருந்து தொடுகிறது. தொட்ட இடத்தில் தோல் தடிக்கிறது. அப்புறம் அந்தத் தடிப்பு குழிந்து, குழி ஆழமாகி, வாய் மூடி, ஒரு பையாகக் கழன்று உள்ளே போகிறது. அதுதான் லென்ஸ். மேலே மிஞ்சும் தோல் கார்னியாவின் மேல்பரப்பாகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் வேறு செல்கள் நுழைந்து மற்ற அடுக்குகளைக் கட்டுகின்றன.

மோதகம் பிடித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாயை மூடிக் கிள்ளும்போது மேலே ஒரு மூக்கு நிற்குமே, அதைக் கிள்ளி எடுக்காமல் விட்டால் எப்படி இருக்கும்? ஒருவகை எலியில் அப்படித்தான் ஆகிறது. லென்ஸ் முழுதாகக் கழலாமல், ஒரு காம்பு போலக் கார்னியாவோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறது.

அந்த எலியின் பெயர் 'ஸ்மால் ஐ'. 1967-இல் அதைப் பற்றி எழுதினார்கள். கண் சிறிதாக இருக்கும், மற்றபடி எலி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அப்படிப்பட்ட இரண்டை இணைசேர்த்தால் குட்டிகளில் கால்வாசிக்குக் கண்ணே இருக்காது, மூக்கும் இருக்காது. பிறந்ததும் இறந்துவிடும். எந்த மரபணுவின் கோளாறு இது என்று தெரிய 1991 வரை ஆனது. எடின்பரோவில் ராபர்ட் ஹில் குழுவினர் கண்டது பாக்ஸ்-6. அதே ஆண்டில், பிறவியிலேயே ஐரிஸ் இல்லாத 'அனிரிடியா' என்னும் மனிதக் குறைபாட்டின் மரபணுவும் பிடிபட்டது. இரண்டும் ஒன்றேதான். எலியில் 2-ஆம் குரோமோசோமில், நம்மில் 11-ஆவதில் இருக்கிறது. அது உண்டாக்கும் புரதத்தில் 422 அமினோ அமிலங்கள். எலிக்கும் நமக்கும் ஒன்றுகூட மாறவில்லை.

1995-இல் பாசெலில் வால்டர் கேரிங் குழு எலியின் இந்த மரபணுவைப் பழ ஈயின் காலில் இயக்கியதும், அங்கே கண் முளைத்ததும், அது எலிக்கண்ணாக இல்லாமல் ஈக்கண்ணாகவே இருந்ததும் நீங்கள் கேள்விப்பட்ட கதையாக இருக்கும். எனக்கு அதைவிட வியப்பு வேறொன்றில்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது. பெரும்பாலானவற்றில் ஒன்று பழுதானாலும் காரியம் நடக்கும். இரண்டு மோட்டாரில் ஒன்று நின்றால் தொட்டி மெதுவாக நிறையும், ஆனால் நிறைந்துவிடும். பாக்ஸ்-6 அப்படி இல்லை. ஸ்மால் ஐ எலியில் நடப்பதுபோல, ஒரு பிரதி பழுதாகிப் பாதி அளவு வந்தாலே கண் கெடுகிறது. சரி, கூடுதலாகக் கொடுத்துப் பார்க்கலாமே? 1996-இல் எலிகளுக்குக் கூடுதல் பிரதிகளைச் செருகிப் பார்த்தார்கள். ஸ்மால் ஐ எலியின் குறை நீங்கியது. ஆனால் பிரதிகள் அதிகமானபோது கண் மறுபடியும் மோசமாகக் கெட்டது.

இதைக் கருவோடு முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். கார்னியாவின் மேல்பரப்பு வாழ்நாள் முழுவதும் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கிறது. அதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. பெண் எலியின் செல் ஒவ்வொன்றும் தன் இரண்டு எக்ஸ் குரோமோசோமில் ஒன்றை அணைத்துவிடும். ஒரு எக்ஸில் மட்டும் நீல நிறம் தரக்கூடிய மரபணுவை வைத்துவிட்டால், சாயமேற்றும்போது சில செல்கள் நீலமாகும், மற்றவை வெள்ளையாக நிற்கும். குட்டி எலியின் கார்னியாவில் இரண்டும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடக்கும். ஐந்து வாரம் வாக்கில் ஓரத்திலிருந்து நீலமும் வெள்ளையுமாகக் கோடுகள் கிளம்பி, நடுவை நோக்கி நகர்ந்து, உச்சந்தலைச் சுழி போல முடிகின்றன. ஒவ்வொரு கோடும் ஓரத்து மூல செல்களின் வாரிசு வரிசை. அந்த ஓரத்துக்கு லிம்பஸ் என்று பெயர். பாக்ஸ்-6 பாதியான எலியில் இந்தக் கோடுகள் சிதறி, குழம்பிக் கிடக்கின்றன.

பேச்சு முடிந்ததும் ஒரு அம்மா எழுந்தார். "அனிரிடியா உள்ளவருக்குக் கார்னியா மங்கினால், தானம் வாங்கி வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மாற்றி வைப்பது நடுவட்டத்தை. மேல்பரப்புக்குச் செல்லை அனுப்பும் ஓரம் பழையதுதான். அதனால் புதியதும் பெரும்பாலும் திரும்ப மங்கிவிடுகிறது. இன்னொருவரின் லிம்பஸ் திசுவையும் எடுத்து வைக்கிறார்கள். அப்படி வைத்தால், உடல் அதை எதிர்க்காமல் இருக்க மருந்தும் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றேன். "அப்போ ஓரத்தையும் சேர்த்துத்தான் தானம் கேட்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.