அணியப் போகிறவரைக் கேட்டீர்களா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தனியாக வசிக்கும் முதியவர் கீழே விழுந்தால் உதவிக்கு அழைப்பதற்கென்று, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொத்தான் கருவி ஒன்று நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அழுத்தினால் ஆள் வரும், அவ்வளவு எளிமையானது. ஆனால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 90 வயதைத் தாண்டியவர்களை ஓராண்டுக் காலம் கவனித்து, 2008-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியிடப்பட்ட ஆய்வு, விழுந்தவர்கள் நெடுநேரம் தரையில் கிடக்க நேர்ந்த பெரும்பாலான வேளைகளில் அந்தக் கருவி பயன்படுத்தப்படவே இல்லை என்று தெரிவித்தது. சிலர் அதை அணிந்திருக்கவில்லை. அணிந்திருந்த சிலரோ, எப்படியாவது தாமே எழுந்துவிட வேண்டும் என்று முயன்றார்கள்.

மறுவாழ்வுச் சிகிச்சைத் துறையில் பணியாற்றுகிறவன் என்ற முறையில், உடலில் அணியும் நலக் கருவிகளைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும், இந்த ஆய்விலிருந்தே நான் பேச்சைத் தொடங்குவது வழக்கம். ஏனென்றால், கருவி செய்கிறவர்கள் உடலை அறிந்திருக்கிற அளவுக்கு அந்த உடலுக்குரிய மனிதரை அறிந்திருக்கிறார்களா என்ற கேள்வியை அது நேராக எழுப்புகிறது. 1993-இல் அமெரிக்காவில் உடற்குறைபாடு உள்ள 227 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், அவர்கள் பெற்ற துணைக் கருவிகளில் 29.3 விழுக்காடு கைவிடப்பட்டிருந்தன. அவ்வாறு கைவிடப்படுவதோடு தொடர்புடைய காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்தப் போகிறவரின் கருத்தைக் கேட்காததே ஆகும். மருத்துவரும் உறவினரும் விற்பனையாளரும் கூடி முடிவெடுத்துவிட்டு, அணிய வேண்டியவருக்குக் கடைசியில் தகவல் மட்டும் தெரிவிப்பது இன்றும் நடக்கிறது.

சுமையைக் குறைப்பதில் தொழில்நுட்பம் கண்ட வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. நடமாடும் மனிதரின் இதயத் துடிப்பைப் பதிவு செய்வதற்காக அமெரிக்க அறிவியலாளர் நார்மன் ஹோல்டர் 1940-களின் இறுதியில் உருவாக்கிய கருவி ஏறத்தாழ 38 கிலோ எடை கொண்டது; அதை முதுகில் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு கைக்கடிகாரம் தோலின் மேல் ஒளியைப் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு நாடித் துடிப்பைக் கணக்கிட்டுவிடுகிறது.

எனினும் அந்த ஒளி எல்லாத் தோலிலும் ஒரேபோலச் செயல்படுவதில்லை என்பதை நாம் காலந்தாழ்த்தியே தீவிரமாக எடுத்துக்கொண்டோம். விரல்நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் இரத்தத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதை ஒப்பிட்டு ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது. அந்த ஒளியின் ஒரு பகுதியைத் தோலின் நிறமியும் உறிஞ்சுகிறது. அமெரிக்க நோயாளிகளிடம் ஆய்ந்து 2020-இல் வெளியான ஓர் அறிக்கையின்படி, கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டியபோது உண்மையான ஆக்சிஜன் அளவு 88-க்கும் கீழே இருந்த நிலை, வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 விழுக்காடும் கருப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 விழுக்காடும் காணப்பட்டது. மூச்சுத் திணறும் ஒருவரிடம் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று கருவி சொல்ல, அதை நம்பி ஆக்சிஜன் கொடுப்பது தாமதமானால், அதன் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம். எல்லாருக்கும் பொதுவான கருவி என்று சொல்வதற்கு முன், எத்தகைய மனிதர்களிடம் அதைச் சோதித்தோம் என்று சொல்லியாக வேண்டும்.

எச்சரிக்கைச் செய்தியும் அப்படித்தான். ஆப்பிள் கைக்கடிகாரத்தைக் கொண்டு நான்கு இலட்சத்து பத்தொன்பதாயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வில், 0.52 விழுக்காட்டினருக்கு மட்டுமே நாடித் துடிப்பு சீராக இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்தவர்களுள், மார்பில் ஒட்டிக்கொள்ளும் இ.சி.ஜி. பட்டையைப் பின்னர் அணிந்து ஆய்வாளர்களுக்குத் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறு தென்பட்டது. அது வந்து வந்து போகும் கோளாறு. ஆகையால் மற்றவர்களுக்கு வந்த அறிவிப்பு பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நள்ளிரவில் அந்த அறிவிப்பைப் படிக்கிறவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் எப்படித் தெரியும்? உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா, காலைவரை பொறுக்கலாமா, எந்த அறிகுறி இருந்தால் பொறுக்கவே கூடாது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லாத அறிவிப்பு, அச்சத்தை மட்டுமே தருகிறது.

மனிதரை முன்னிறுத்தி வடிவமைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு, கையில் இருக்கும் திறன்பேசியே எனக்குப் பிடித்த சான்று. பொத்தான்கள் மறைந்து வழுவழுப்பான கண்ணாடித் திரை வந்தபோது, பார்வையற்றோர் இனி கைப்பேசியைப் பயன்படுத்தவே முடியாதோ என்ற கவலை எழுந்தது. 2009-இல் ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பான் உள்ளேயே அமைந்து வந்தது; விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதை அது குரலாகச் சொன்னது, இருமுறை தட்டினால் அதைத் திறந்தது. ஆண்ட்ராய்டிலும் அதே ஆண்டில் டாக்பேக் வந்தது. தனியாக ஒரு கருவியை வாங்காமல், மற்றவர் கையில் இருக்கும் அதே கருவியை, ‘இவர் வேறு’ என்ற அடையாளம் ஏதுமின்றிப் பயன்படுத்த முடிந்தது. காதுக் கருவியை மறைத்து வைக்க முயலும் ஒருவரைக் கண்டவர்களுக்கு, இந்தக் கடைசிச் செய்தி எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு துணைக் கருவி தேவைப்படுவதாகவும், சில நாடுகளில் தேவைப்படுவோரில் 3 விழுக்காட்டினருக்கே அது கிடைப்பதாகவும் கூறுகிறது. கிடைக்கச் செய்வது அரசுகளின் கடமை. கிடைத்ததை அணிய வைப்பதில் குடும்பத்தினருக்கும் பங்குண்டு.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இத்தகைய நலக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கும் எண்ணம் இருந்தால், அவரோடு அமர்ந்து சில செய்திகளைப் பேசிவிடுங்கள். நடுங்கும் விரல்களால் அதன் பட்டையை அவரே மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். அவர் எங்கே போகிறார், எப்போது உறங்குகிறார் என்ற விவரங்களை யார் யார் பார்க்கலாம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். முக்கியமாக, அதற்கு எந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றுவது என்று கேளுங்கள். இரவில்தான் பெரும்பாலோர் அதைக் கழற்றிச் சார்ஜில் போடுகிறார்கள். இருட்டில் எழுந்து கழிவறைக்கு நடக்கும் அந்த வேளையில்தான் அது அவர் கையில் இருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.